ஆட்டக்காரர் ஆசானான வரலாறு
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். நாமோ கால்பந்தைப் பற்றிப் பேச எண்ணி வந்துள்ளோம். தலைமையாசிரியர் ஒருவர் கல்விச் சங்கத்தின் மேடையில் ஏறிப் பந்தாட்டம் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். காரணமில்லாமல் இப்பொருளை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நம் இரவுப் பள்ளியின் பின்புறம், சவுக்குத் தோப்பை ஒட்டிக் கிடக்கும் மணல் திடலை என்ன செய்வது என்ற கேள்வி இன்று சங்கத்தின் முன் நிற்கிறது. கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் மாணவர்க்குக் கட்டணம் கட்ட உதவும் என்கின்றனர் ஒரு சாரார். பிள்ளைகள் ஆடும் இடத்தை அழிக்கலாகாது என்கின்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் பிள்ளைகளின் நலம் நாடுவோரே. ஆகையால் நம் கருத்தைக் கூறுமுன், ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் பீட்டர் தங்கராஜ். 1935-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தவர். இளமையில் அந்நகரத்துச் சிறு கழகங்களில் பந்தாடினார். 1953-இல் இந்தியப் படையில் சேர்ந்தார். நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட் மையமே அவர் வளர்ந்த பாசறை. அங்கே அவர் முதலில் ஆடியது நடு முன்னணியில். அதாவது கோல் போடும் இடத்தில். பின்னர் அவரைக் கோல் காப்பாளராக மாற்றினார்கள். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் உடைய அவ்விளைஞர் எந்த இடத்துக்கு உரியவர் என்பதை அவருக்கு முன்னரே பிறர் கண்டுகொண்டனர்.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். கோல் போடுபவனைத் தோளில் தூக்கி ஊர்வலம் வருவார்கள். கோலைத் தடுப்பவனை ஒரு பந்து தவறிய அன்றுதான் நினைப்பார்கள். முன்னணியில் ஆடிய ஒருவரைப் பின்னே போய் நில் என்றால் மனம் சுருங்குவது இயல்பு. தங்கராஜ் சுருங்கவில்லை. அவர் பணிபுரிந்த மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956-இல் மெல்போர்னிலும் 1960-இல் ரோமிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்திய அணிகளில் அவர் இடம்பெற்றார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் நம் நாடு எட்டிய உயரம் அதுவே. ரோம் சென்ற அணியில் தஞ்சைத் தரணி தந்த சைமன் சுந்தரராஜும் இருந்தார். அதன்பின் இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவும் இல்லை, கோல் போடவும் இல்லை.

தங்கராஜ் வாழ்வின் பெருநாள் 1962-ஆம் ஆண்டு செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதியாட்டம். எதிரணி தென்கொரியா. தொடரின் முதல் ஆட்டத்தில் இதே தென்கொரியாவிடம் இந்தியா இரண்டு கோல் வாங்கித் தோற்றிருந்தது. போட்டியை ஒட்டி எழுந்த அரசியல் பூசலால் அரங்கம் முழுவதும் இந்தியருக்கு எதிராக முழங்கிற்று. இடையே சில ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காப்பாளராக நின்றிருந்தார். இறுதியாட்டத்தில் தங்கராஜ் நின்றார். பி.கே. பானர்ஜி ஒரு கோலும், தலைக்காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட்டனர். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியர் ஒன்றைத் திருப்பினர். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பொன் பதக்கம் இந்தியாவுக்கு வந்தது. ஆசியப் போட்டிக் கால்பந்தில் அதற்குப்பின் மற்றொரு பொன் பதக்கம் நமக்குக் கிட்டவில்லை.

அவ்வணியை உருவாக்கியவர் யார் தெரியுமா? ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். அவரும் நம்மைப் போல் ஒரு பள்ளி ஆசிரியரே. கரும்பலகையின் முன் நின்ற அவர்தான் 1951-இலும் 1962-இலும் ஆசியப் பொன் பதக்கங்களைத் தேடித்தந்தார். ஜகார்த்தாவுக்குச் சென்றபோதே புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். ஓர் ஆசிரியர் தம் வாழ்நாளின் கடைசி ஆண்டையும் பிள்ளைகளுக்கே ஈந்தார் என்பதை இம்மேடையில் நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

தங்கராஜ் பின்னர் கல்கத்தாவின் முப்பெரும் கழகங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்றிலும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 1970-களின் தொடக்கத்தில் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார்.

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் பலருடைய கதை அத்துடன் முடிந்துவிடும். கோப்பைகள் அலமாரியில் கறுக்கும். பழைய படங்களைக் காட்டிக் காலம் கழியும். தங்கராஜ் பயிற்சியாளரானார். கோவாவில் வாஸ்கோ கழகத்தில் பணியாற்றினார். பின்னர் பொக்காரோ எஃகு நகரத்தில் குடியேறி, அங்கே கால்பந்துப் பயிலகத்தில் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். ஒலிம்பிக் கண்ட கைகள், காலணியின் கயிற்றைக் கட்டத் தெரியாத சிறுவர்களின் முன் பந்தை உருட்டிவிட்டன. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், அதே பொக்காரோவில் அவர் காலமானார்.

கோல் காப்பாளன் கற்கும் முதற்பாடம் என்னவென்று உடற்கல்வி ஆசிரியர்களைக் கேளுங்கள். எதிரி பந்தோடு தனியே வரும்போது கோட்டிலேயே நிற்பவன் ஏமாறுவான். முன்னேறிச் சென்று கோணத்தைக் குறுக்குபவனே தடுப்பான் என்பர். ஆசிரியத் தொழிலுக்கும் இது பொருந்தும். பிள்ளை வகுப்பை விட்டு வெளியேறிய பின் வருகைப் பதிவேட்டில் சுழியம் இடுபவர் கோட்டில் நிற்பவர். அவன் மனம் வெளியேறும் முன்பே வீட்டுக்குச் சென்று நிற்பவரே நல்ல காப்பாளர்.

இவ்வுவமையை நாம் எளிதில் கற்கவில்லை. ஒரு பிழையால் கற்றோம். அதை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்வது கடமை.

பல ஆண்டுகளுக்கு முன், இம்மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நாம் பொறுப்பேற்றிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் நம் குடியிருப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இருந்தான். பள்ளி அணியின் கோல் காப்பாளன் அவன். காலாண்டுத் தேர்வில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறினான். ஆட்டம்தான் அவனைக் கெடுக்கிறது என்று முடிவு செய்தோம். வட்டார அளவிலான போட்டிக்குச் செல்லும் பட்டியலிலிருந்து அவன் பெயரை நம் கையாலேயே அடித்தோம். படிப்பில் தேறியபின் ஆடலாம் என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் பள்ளிக்கு வந்தான். பிறகு வரவில்லை. ஆள் அனுப்பினோம், கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்று செய்தி வந்தது. நாம் அவனைப் படிக்க வைக்க எண்ணினோம். அவனைப் பள்ளியோடு பிணைத்திருந்த ஒரே கயிற்றை நாமே அறுத்துவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் வந்து வணங்கினார். அவரேதான். உடன் ஒரு சிறுவன். அவர் சொன்னது இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. "ஐயா, இவனை உங்க பள்ளிக்கூடத்துல சேக்கலாம்னு இருக்கேன். முதல்ல பந்தாட்டத்துல சேத்துக்கங்க. அப்பத்தான் தினமும் வருவான்." முப்பதாண்டுப் பணியில் நாம் பெற்ற சான்றிதழ்கள் எவையும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகா. நாம் அறியாததை, பள்ளியை விட்டுச் சென்றவர் அறிந்திருந்தார்.

ஆடுகளத்தில் மட்டும் சாதி இல்லை என்று சிலர் பேசுவர். அதையும் நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. எம் மாணவப் பருவத்தில் ஓர் ஊருக்கு ஆடச் சென்றோம். ஆட்டம் முடிந்ததும் அவ்வூர் அணிக்குக் குவளையில் நீர் தந்தனர். எங்களைக் குனிந்து கை ஏந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றினர். ஒன்றரை மணி நேரம் இரு அணியின் கால்களிலும் மாறி மாறி உருண்ட பந்து மட்டும் தீட்டுப் பார்க்கவில்லை. பூனாவில் ஐரோப்பியரின் மைதானத்தில் வேலை செய்து வந்து, இந்தியாவின் தலைசிறந்த கிரிக்கெட் பந்துவீச்சாளருள் ஒருவராக உயர்ந்த பல்வங்கர் பாலு, 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆயினும் அவர் தம் அணியினரோடு ஆடிய நாட்களில் தேநீர் இடைவேளையில் வெளியே நின்று மண் குவளையில் அருந்த வேண்டியிருந்தது. அணித் தலைமை அவருக்கு மறுக்கப்பட்டது. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-இல் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார். திறமை கதவைத் தட்டும். கதவைத் திறக்க ஒற்றுமையும் கல்வியும் வேண்டும்.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டையும் கூற விழைகிறோம். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் நெருங்கி வாழ்ந்தனர். ஊரார் அவர்களைத் தாழ்வாகவே நடத்தினர். அங்கே பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வால்பிரிட் என்னும் துறவி, பசியோடு வரும் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பொருள் திரட்ட எண்ணி, 1887-இல் ஒரு கால்பந்துக் கழகத்தைத் தோற்றுவிக்க முன்னின்றார். அதுவே செல்டிக் கழகம். நம் சென்னையில் 1920-இல் மாநகராட்சிப் பள்ளியிலும், 1956 முதல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் நண்பகல் உணவு தொடங்கிய வரலாற்றை அறிந்த நமக்கு, அத்துறவியின் மனம் புரியும்.

அக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஜாக் ஸ்டீன். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். பின்பு தொழில்முறை ஆட்டக்காரரானார். கணுக்காலில் ஏற்பட்ட காயம் அவர் ஆட்டத்தை முடித்துவைத்தது. 1957-இல் செல்டிக் கழகம் அவரிடம் இளம் வீரர் அடங்கிய இரண்டாம் அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை அளித்தது. பிற்காலத்தில் அவரே தலைமைப் பயிற்சியாளராகி, 1967-இல் லிஸ்பன் நகரில் இத்தாலியின் இன்டர் மிலானை இரண்டுக்கு ஒன்று என வென்று, ஐரோப்பியக் கோப்பையைப் பிரித்தானியாவுக்கு முதன்முதலில் கொண்டுவந்தார். அன்று களத்தில் ஆடிய பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைல் எல்லைக்குள் பிறந்தவர்கள். நம் திருவிடந்தையை நடுவாக வைத்து முப்பது மைல் வட்டம் வரைந்தால், ஒருபுறம் சென்னையும் மறுபுறம் கல்பாக்கமும் மேற்கே செங்கற்பட்டும் அதற்குள் அடங்கும். அவ்வட்டத்துக்குள் பதினொரு பிள்ளைகள் இல்லையா?

இருக்கிறார்கள் என்பதற்கு வியாசர்பாடியே சான்று. உழைக்கும் மக்கள் வாழும் அப்பகுதியில், தாம் ஆடிப் பழகிய இளைஞர்களே பயிற்சியாளர்களாக மாறிப் பந்தோடு படிப்பையும் சேர்த்துக் கவனித்தார்கள். அங்கிருந்து புறப்பட்ட தனபால் கணேஷ் இந்திய அணிக்கும் சென்னையின் எப்.சி.க்கும் ஆடினார். நந்தகுமார் சேகர் 2023-இல் இந்திய அணியில் இடம்பெற்றார்; அதே ஆண்டு ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றிக் கோலைப் போட்டார். தங்கராஜ் காத்து நின்ற அதே ஈஸ்ட் பெங்காலுக்கு, வியாசர்பாடிப் பிள்ளை கோல் போட்டார் என்பது நமக்கு இனிக்கிறது அன்றோ?

பெண் பிள்ளைகளை மறந்து பேசுவது பாதி ஊரை மறந்து பேசுவதாகும். தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு 2018-இல் மணிப்பூரை வென்று முதல்முறையாகவும், 2023-இல் அரியானாவை வென்று மீண்டும் வாகை சூடியது. கடலூர்ப் பக்கத்து இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடியதோடு, காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியேற்றார். மகளை ஆட அனுப்பினால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சும் தாய்மார்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

இனி நம் திடலுக்கு வருவோம். இது நம் மாவட்டத்து மண். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்து, லண்டன் வட்டமேசை மாநாடு வரை சென்று நம் உரிமையை முழங்கியவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். இதே செங்கற்பட்டின் ஆட்சியராக இருந்த திரமென்கீர், 1891-இல் நம் மக்களின் நிலமற்ற நிலையை அரசுக்கு எழுதினார். அதன் விளைவாக 1892-இல் பிறந்த ஆணையே பஞ்சமி நிலத்துக்கு வித்து. அந்நிலங்கள் பின்னாளில் எவ்வாறு கைமாறின என்பதைப் பெரியோர் அறிவர். ஒவ்வொரு கைமாற்றமும் அவசரச் செலவு ஒன்றுக்காகவே தொடங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை ஏற ஏற, நம்மிடம் எஞ்சிய திறந்தவெளி சுருங்குகிறது. கடை கட்டினால் வாடகை வரும் என்பது மெய். ஆனால், நம் பிள்ளைகள் பிறர் நடத்தும் விடுதிகளின் புல்வெளியைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்க்கும் நிலையும் வரும். செல்டிக் கழகமும் 1897-இல் வணிக நிறுவனமாக ஆனபின், ஏழைப் பிள்ளைகளின் உணவுக்குச் சென்ற நிதி அருகியது என்பதை மறவாதீர்கள். வருவாய் வரும்போது நோக்கம் மெல்ல விடைபெறும்.

எனினும், திடலை வெறுமனே விட்டுவைப்பதும் சரியன்று. வெறுமனே கிடக்கும் நிலம் சீட்டாட்டத்துக்கும் குடிக்கும் இடமாகும் என்று கடை கேட்போர் சொல்வதில் உண்மை உண்டு. ஆகவே நான்கு வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, இரவுப் பள்ளியின் வருகைப் பதிவேடே அணியின் பதிவேடாகவும் இருக்கட்டும். பாடத்துக்கு வருபவன் ஆடலாம். தேர்வில் தவறினான் என்று எவனையும் நீக்கலாகாது. தவறிய பாடத்தை ஆட்டத்துக்கு முன் அரைமணி நேரம் கற்பிக்க வேண்டும்.

இரண்டாவது, வாரத்தில் இரண்டு மாலைகள் திடல் பெண் பிள்ளைகளுக்கே உரியதாகட்டும்.

மூன்றாவது, நம் இளைஞருள் இருவரையேனும் முறையாகப் பயிற்சியாளராக்க வேண்டும். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தொடக்கநிலைப் பயிற்சியாளர் சான்றிதழ் வழங்குகிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வழியே சென்றால் எட்டும் தொலைவுதான். அத்துணை அருகில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தும் நம் பிள்ளைகள் அதன் வாசலை அறியாதிருப்பது நம் குறையே.

நான்காவது, பயிற்சி அறிவோடு நடக்கட்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவரைவிட மும்மடங்குக்கும் மேல் என்று கண்டனர். மறு ஆண்டே, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர்களைப் பயிற்சியில் தலையால் பந்தை முட்ட வைக்கலாகாது என்று ஸ்காட்லாந்து விதி வகுத்தது. நம் பிள்ளைகளின் தலையும் விலைமதிப்பற்றதே. அத்தலை பாடத்துக்கும் வேண்டும்.

கட்டணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பணியிலுள்ள நம் மக்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு நாள் ஊதியத்தைத் தர முன்வந்தால் வழி பிறக்கும். முதற்பெயராக நம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு பொருளாளரை வேண்டுகிறோம்.

இளைஞர்களே! உங்களுள் எல்லோரும் நாட்டுக்கு ஆடப்போவதில்லை. ஆயிரத்தில் ஒருவர்க்கே அவ்வாய்ப்பு. அதனால் பந்தை நம்பிப் புத்தகத்தைக் கைவிடாதீர்கள். ஆனால் ஆடிய ஒவ்வொருவரும் நாளை ஒரு சிறுவனுக்குக் கற்பிக்க முடியும். தங்கராஜ் பெற்ற பதக்கங்கள் ஒரு நாட்டின் பெருமை. பொக்காரோவில் அவர் சிறுவர்க்குச் சொல்லித்தந்த மாலைப்பொழுதுகளோ எவர் கைக்கும் எட்டும் பெருமை.

பேருந்து நிறுத்தத்தில் நாம் கண்ட அச்சிறுவன் இன்று நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். தந்தையைப் போலவே கோல் காக்கிறான். கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். ஆயினும் இவ்வாண்டு ஒரு நாளும் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. இன்று மாலையும் அவன் பின்புறத் திடலில்தான் இருக்கிறான். நாம் எடுக்கும் முடிவு அவனுக்காக என்பதை மனத்தில் இருத்தி, சங்கத்தார் தீர்மானம் செய்வார்களாக.